நூறு சதவீதம்

ஆய்வுக்கு வந்த கல்வி அதிகாரி படிவத்தைப் புரட்டினார். "பெண் ஆசிரியர்கள் எத்தனை பேர்?"

"அஞ்சு வகுப்புலயும் டீச்சருங்கதான் சார்," என்று சுவர்த் திரைகளைக் காட்டினார் தலைமையாசிரியர்.

திரைக்கு ஒரு கணினிப் பெண், ஆளுக்கொரு நிறத்தில் சேலை. குரல் மட்டும் ஐவருக்கும் ஒன்றுதான். அது தவமணியின் குரல். பதினெட்டு வருடம் இதே பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுத்தவள். மூன்று மாதம் உட்கார வைத்துக் குரலைப் பதிவு செய்துகொண்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆயா வேலைக்கு ஆள் கேட்டபோது திரும்பி வந்தாள்.

"நூறு சதவீதம்! மாவட்டத்துலயே நீங்கதான் முதல்." அதிகாரி திரையோடு படமெடுத்துக்கொள்ள நின்றார். "ஏம்மா, தொடப்பத்தோட கொஞ்சம் தள்ளி நில்லு."

தள்ளி நின்றாள்.

முன் வரிசையில் ஒரு சிறுமி பாவாடையை நனைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள். திரை கனிவாகக் கூப்பிட்டது. பதிவு அறையில் தவமணியே பேசிக் கொடுத்த வாக்கியம்தான்.

"ஆயா, பாப்பாவக் கழுவி விடுங்க."

தவமணி வாளியை எடுத்தாள்.

"இதோ வரேன் டீச்சர்."