நாலு விளக்கு

“உள்ளே போனதும் நாலுன்னு சொல்லு. வேற வாயைத் திறக்காதே” என்றான் மல்லப்பன்.

மண்டி மொஹல்லாவில் இருந்த அந்தக் கண் கிளினிக் வாசலில், டிரைவர் வேலைக்கு வந்திருந்த எல்லோருக்கும் விளக்குகளை எண்ணும் சோதனைக்கு விடை தெரிந்திருந்தது. டீக்கடையில் யாரோ சொல்லிவிட்டார்கள்.

ஜோ தலையாட்டினான். பள்ளிக்கூட பஸ் ஓட்டும் வேலை. கிடைத்தால் மகளுக்கு அதே ஆங்கிலப் பள்ளியில் ஃபீஸ் இல்லாமல் இடம் உண்டு. மனைவி நிம்மி சீருடைத் துணிகூடப் பார்த்து வைத்துவிட்டாள்.

ஆனால் அவனுடைய வலது கண் மயிரிழை அளவு விலகியிருந்தது. பார்ப்பவர்களுக்குத் தெரியாது. தனித்தனியாக இரண்டு கண்ணும் எழுத்துகளைப் படித்துவிடும். இரண்டையும் சேர்த்துத் திறந்தால் வலது கண் வேலை செய்யாது. முன்பு ஆஸ்பத்திரியில் இதே சோதனையைச் செய்தபோது, அவனுக்கு மூன்று பச்சை விளக்குகள்தான் தெரிந்தன. நான்காவதாக ஒரு சிவப்பு விளக்கும் எரிவதாக அங்கே சொன்னார்கள்.

டாக்டர் எழுத்துப் பலகையோடு முடித்துக்கொண்டார். விளக்குச் சோதனையைப் பள்ளி மேனேஜர் மஞ்சுநாத்தே நடத்தினார். யாரையும் நம்பாத மனிதர்.

மல்லப்பன் இருட்டறைக்குள் போன வேகத்தில் திரும்பி வந்தான். கழுத்தைத் துடைத்துக்கொண்டான்.

“நல்லவேளை, விடை தெரிஞ்சு போனேன். இல்லேன்னா மாட்டியிருப்பேன்டா!”

“உனக்கும் கண்ணில் கோளாறா?”

“இன்னிக்குத்தான் எனக்கே தெரியுது. அதை விடு, உன்னைக் கூப்பிடறாங்க பாரு.”

மஞ்சுநாத் ஜோவுக்கு ஒரு கண்ணாடியை மாட்டிவிட்டார். வலது பக்கம் சிவப்பு, இடது பக்கம் பச்சை; சிவப்பு விளக்கு வலது கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். எதிரே விளக்குப் பெட்டி.

“நோடப்பா, இங்கே பாரு, எத்தனை விளக்கு எரியுது?”

மூன்று. மூன்றும் பச்சை.

‘நாலு’ என்று சொல்ல வாயெடுத்தான். மகளும் அந்த பஸ்ஸில்தான் வருவாள் என்பது அப்போதுதான் உறைத்தது. எதிரே வரும் லாரி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று ஒரு கண்ணை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வான்?

“மூணு, சார்.”

“சரியாப் பார்த்துச் சொல்லப்பா. வந்தவங்க அத்தனை பேரும் நாலுன்னாங்க.”

“அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், சார். எனக்கு மூணுதான்.”

கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தான். நிம்மியிடம் என்ன சொல்வது என்று யோசித்தபடியே கதவை நோக்கி நடந்தான்.

“ஏய், நில்லப்பா!”

திரும்பினான். மஞ்சுநாத் சட்டைப் பையில் கைவிட்டு எதையோ எடுத்தார். ஒரு சின்னச் சிவப்பு பல்பு.

“காலையிலேயே இதைக் கழட்டி வெச்சுட்டேன். நாலுன்னு சொன்னவன் பூரா கண்ணு தெரியாதவன், இல்லேன்னா பொய்யன். ரெண்டு கண்ணும் ஒழுங்கா இருக்கிறவன் நீ ஒருத்தன்தான், திங்கக்கிழமை வந்து பஸ்ஸை எடு!”