கரைத்துக் குடித்தவன்

‘சிறந்த புத்தகப் புழுவுக்குப் பரிசு’ என்று நூலக வாசலில் பலகை வைத்தும், கோடை முழுக்க ஒரு பிள்ளைகூட எட்டிப் பார்க்கவில்லை. பரிசு வாங்க ஆளில்லாவிட்டால் அடுத்த வருடம் போட்டியே கிடையாது என்று மேலிடம் சொல்லியிருந்தது. நூலகர் நொந்துபோய் உட்கார்ந்திருந்த கடைசி நாளில் பக்கத்துக்கடை தையல்காரர் வந்தார்.

“நம்ம பய ஒரு அகராதியையே கரைச்சுக் குடிச்சிட்டான்மா.”

“அகராதியையா?”

“சோறு தண்ணி இல்லாம அதுக்குள்ளயே கிடக்கிறான்.”

“பெத்தா இப்படிப் பெக்கணும். கூட்டிட்டு வரலையா?”

தையல்காரர் தீப்பெட்டியைத் திறந்தார். உள்ளே வெள்ளையாக ஒன்று நெளிந்தது.

நூலகர் அதையும் பலகையையும் மாறிமாறிப் பார்த்தார்.

“வெளியாளுங்க கலந்துக்கக் கூடாதே.”

“வெளியாளா? இங்க எடுத்த புத்தகத்துலதாம்மா பொறந்தான்.”

நூலகர் பெருமூச்சோடு பரிசை எடுத்து நீட்டினார்.

“புது அகராதி. அட்டையையாவது மிச்சம் வைக்கச் சொல்லுங்க.”