கோழித் தலை யாரைப் பார்க்குது?

பதார்த்தமெல்லாம் வச்ச சுழல் மேஜை சுத்திக்கிட்டே இருந்துச்சு. ஒருத்தரும் சாப்பிடலை.

நடுவுல முழுக்கோழி, தலையோட. எங்க சாங்ஹுவா ஊர்ப் பக்கம் பழைய பட்டறைகள்ல வருஷக் கடைசி விருந்துன்னா, அந்தத் தலை யாரைப் பார்த்து நிக்குதோ அவருக்குப் புது வருஷத்துல வேலை இல்லை. முதலாளி வாயைத் திறக்க வேண்டாம். கோழி சொல்லிடும்.

இப்பல்லாம் யாரும் இப்படிப் பண்றதில்லை. எங்க குடைப் பட்டறை ஷியாவ் முதலாளி பண்ணுவார். ஆளை நேரா பார்த்து ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு வராது. போன தடவை வருஷ நடுவுல ஒருத்தனை நிறுத்தணும்னு ஆனப்போ, பல்வலின்னு வீட்டுக்குள்ளயே பதுங்கிக்கிட்டார்.

அதுக்குத்தான் காசு குடுத்து யென் மாஸ்டரை வச்சு தலைமைப் பயிற்சி. மாஸ்டர் மூக்காலயே பேசுவார். "மனசைத் தொறங்க! எழுதி வச்சுப் படிக்காதீங்க! அந்த நிமிஷம் என்ன தோணுதோ அதைப் பேசுங்க!" நாங்களும் கைகோத்துக்கிட்டு "நாமெல்லாம் ஒரே குடும்பம்!"னு கத்துவோம்.

அந்தக் குடும்பம்தான் இப்ப மேஜையைத் தள்ளிக்கிட்டு இருக்கு.

இந்த வருஷம் ஆர்டர் படுத்துடுச்சு. கோழி வந்தப்போ தலை ஆ-ஹோங்கைப் பார்த்துச்சு. புதுசா சேர்ந்தவன். இப்பதான் குழந்தை பொறந்திருக்கு. பயல் மூஞ்சி அவிச்ச டோஃபு மாதிரி ஆயிடுச்சு. "அண்ணே, மீன் எடுத்துக்கோங்க"ன்னு மெல்லத் தள்ளினான்.

தலை கணக்கர் லூ பக்கம் வந்துச்சு. "ஐயோ, எனக்கு மீன் ஆகாதுப்பா. மாஸ்டர் சாப்பிடட்டும்."

மாஸ்டருக்கு என்ன பயம்? அவர் பட்டறை ஆளே இல்லை. ஆனாலும், "எனக்கு மூங்கில் குருத்துதான் பிடிக்கும்"னு ஒரே தள்ளு. கோழி ஒரு ரவுண்டு போய் மறுபடியும் ஆ-ஹோங் முன்னாடி!

அப்பத்தான் தையல் பிரிவு பிஷியா அக்கா எட்டி மேஜையை நிறுத்தினாங்க. கோழித் தலையைத் திருகிப் பிச்சு, வாயில போட்டு, கடக்குமுடக்குன்னு கடிச்சாங்க.

கணக்கர் பொருமினார். "முதலாளியே இன்னும் கை வைக்கலை! என்னக்கா, பஞ்சத்துல அடிபட்ட மாதிரி?"

"தலைன்னா எனக்கு உசுரு." அக்கா எலும்பைத் துப்பினாங்க. "சரி முதலாளி, கோழிக்கு இனிமே வாய் இல்லை. ஏதாவது சொல்றதா இருந்தா நீங்களே சொல்லிடுங்க."



மாஸ்டருக்கு உற்சாகம் தாங்கலை. "அருமையான சந்தர்ப்பம்! எந்திரிங்க! ஆ-ஹோங் கண்ணைப் பாருங்க! தயங்காதீங்க, மனசுல இருக்கிறதை அப்படியே கொட்டுங்க!"

முதலாளி எந்திரிச்சார். ஆ-ஹோங்கைப் பார்த்தார். தட்டுல கிடந்த மீன் மாதிரி அவர் வாய் தொறந்தபடியே நின்னுச்சு.

ஆ-ஹோங்தான் முந்திக்கிட்டான். "முதலாளி... அடுத்த வாரம் குழந்தை பொறந்து ஒரு மாசம் நிறையுது. வழக்கப்படி எல்லாருக்கும் எண்ணெய்ச் சோறு குடுக்கணும். பட்டறைக்குக் கொண்டுவரவா... இல்ல, உங்க வீட்டுக்கு வந்து குடுத்துட்டுப் போகவா?"

முதலாளி மீன் தட்டைப் பார்த்துக்கிட்டே சொன்னார்:

"பட்டறைக்கே கொண்டா. எனக்கு ரெண்டு டப்பா."

சொல்லிட்டு மாஸ்டர் பக்கம் திரும்பினார். கையில காகிதம் இல்லை. பல்வலி இல்லை. வாழ்க்கையிலேயே முதல் தடவையா ஒரு ஆளை நேருக்கு நேர் கண்ணைப் பார்த்துச் சொன்னார்:

"மாஸ்டர், தப்பா நினைக்காதீங்க. நாளையிலேருந்து நீங்க வர வேண்டாம். உங்களுக்குக் குடுக்கிறது இவன் சம்பளத்துக்குச் சரியாப் போயிடும்."