நாலாவதா ஒரு தப்பு

"நாப்பத்து நாலு! என்னம்மா இது, நாப்பத்து நாலு?"

ராசாங்கம் சார் காகிதத்தை மேசையில் அடித்த அடியில் டீ கிளாஸ் குதித்தது. எதிரே நின்ற சிந்தாமணி தலை நிமிரவில்லை.

எண்பத்தெட்டாம் வருசம். பெரம்பலூரில் கம்ப்யூட்டர் என்றால் ஊரே எட்டிப் பார்த்த காலம். அவரவர் கிராமத்துச் சுகாதார வேலைக்கு ஆறு பெண்களைப் பயிற்சிக்கு எடுத்து, அவர்களுக்காக மூணு கம்ப்யூட்டரையும் கொண்டுவந்து இறக்கியிருந்தது ஒரு தொண்டு நிறுவனம். அதில் ஓடிய பாடத்தை எழுதியவர் ராசாங்கம். அந்தப் பெருமையில் மனுசனுக்குக் கால் தரையில் படவில்லை.

பாடம் ஒண்ணே ஒண்ணுதான். பேதியாகிற குழந்தைகளில் எதை வீட்டிலேயே உப்பு சர்க்கரைத் தண்ணி கொடுத்துப் பார்த்துக்கொள்ளலாம், எதை உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்?

திரையில் ஒரு குழந்தையைப் பற்றி நாலு வரி வரும். வீடா, ஆஸ்பத்திரியா என்று அமுக்க வேண்டும். தப்பென்றால், ஏன் தப்பு என்று விளக்கிவிட்டு இன்னொரு குழந்தையைக் காட்டும். தொடர்ந்து நாலு சரியாகச் சொன்னால், 'புரிந்துவிட்டது' என்று பாடத்தை முடித்துவிடும். ஆளுக்குத் தக்கபடி பாடம் நீளும், சுருங்கும்.

ஒரு கம்ப்யூட்டருக்கு ரெண்டு பேர். காலையில் ஒருத்தி அமுக்க, இன்னொருத்தி பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கணும். மத்தியானம் மாறிக்கணும். முப்பது குழந்தையைத் தாண்டினால் வேலை கிடையாது. அதையும் காலையிலேயே கறாராகச் சொல்லியாச்சு.

"மத்தவங்க எல்லாம் இருபதுக்குள்ள முடிச்சிட்டாங்க. உன் ஜோடி வேம்பு எட்டே எட்டுல முடிச்சா. அதே மிஷின்தானே? உனக்கு மட்டும் மண்டையில என்ன, களிமண்ணா?"

பக்கத்தில் நின்ற வேம்புவுக்கு முகம் வெளிறிப்போனது.

"சார், இந்த வேலை எனக்கு வேணும் சார்" என்றாள் சிந்தாமணி. பத்தாவது முடித்துவிட்டு மூணு வருசமாகக் கடலைக்காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தவள் அவள்.

"வேணும்னா ஒழுங்கா அமுக்கியிருக்கணும். இன்னும் அரைமணியில திருச்சியிலேர்ந்து டைரக்டர் வராரு. இதைப் பாத்தா என் பாடத்தைத்தானே குறை சொல்லுவாரு?"

சிவப்புப் பேனாவைத் திறந்தவர், அவள் அமுக்கிய பதிலெல்லாம் வரிசையாக அச்சாகியிருந்த காகிதத்தை ஒரு தரம் மேலிருந்து கீழே பார்த்தார். பேனா அப்படியே நின்றது.

மூணு சரி, நாலாவது தப்பு. மறுபடி மூணு சரி, நாலாவது தப்பு. இப்படியே பத்துத் தடவை! பதினோராவது தடவைதான் நாலும் சரி.

தெரியாதவள் இப்படிக் கணக்காகவா தப்பு பண்ணுவாள்? சாருக்குக் கோபம் ஜிவ்வென்று ஏறியது.

"கண்ணு குழி விழுந்து கெடக்கு. அழுதா கண்ணீர் இல்ல. தண்ணி குடுத்தாலும் குடிக்கல. எங்க?"

"ஆஸ்பத்திரி சார்."

"மூணு தடவை போயிருக்கு. ஆனா நல்லா வெளையாடுது, பாலும் குடிக்குது?"

"வூடு சார். உப்பு சர்க்கரைத் தண்ணி. ஆனா சாயங்காலம் மறுபடி போயிப் பாத்துட்டு வரணும்."

அந்தக் கடைசி வரி சார் எழுதிய பாடத்திலேயே இல்லை.

"அப்ப வேணும்னேதான் தப்பா அமுக்கினியா?"

"ஆமா சார்."

"எவ்வளவு திமிரு உனக்கு! ஒரு வருச உழைப்பு உனக்கு வெளையாட்டாப் போச்சா? கெளம்பு!" சிவப்புப் பேனாவால் சரக்கென்று அவள் பேரை அடித்தார்.

"ஐயோ, அவ பேரை அடிக்காதீங்க சார்!" வேம்பு ஓவென்று அழுதுவிட்டாள். "எல்லாம் என்னாலதான் சார். காலையில அவ அமுக்கறதப் பாத்துக்கிட்டிருந்தப்ப எனக்கு ஒண்ணுமே புடிபடல. அவ நாலும் சரியா அமுக்கிட்டா பாடம் நின்னு போயிடும்ல? அதான், நான் புரிஞ்சுதுன்னு தலையாட்டுற வரைக்கும் விடாம ஓட்டுனா."

"புரியலன்னா என்கிட்ட கேக்க வேண்டியதுதானே?"

"உங்ககிட்ட கேட்டா வைவீங்க சார். மிஷினு வையல."

ராசாங்கத்துக்குச் சுருக்கென்றது. அடித்த பேரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டபோது குரல் இறங்கியிருந்தது.

"முப்பதைத் தாண்டினா வேலை கெடைக்காதுன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சும் ஏம்மா இப்படி?"

சிந்தாமணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு ரஞ்சன்குடி சார், ரோட்டு மேல இருக்கற ஊரு. எனக்குச் சந்தேகமா இருந்தாக்கூட புள்ளைய வர்ற பஸ்ஸுல தூக்கிப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்துடுவேன். இவ ஊரு அரும்பாவூருக்கும் அந்தாண்ட, மலையடிவாரம். காலையில ஒரு பஸ்ஸு, சாயங்காலம் ஒரு பஸ்ஸு. இவளுக்குப் புரியலன்னா அங்க புள்ள உசுரு போயிடும் சார். எனக்கு வேலைதானே போகும்?"