ஓஸ்லோக்காரன்

"என்னப்பா, முகம் வாடிப்போய்க் கிடக்கு? நான் இல்லாமலோ?"

நயினாதீவில் தங்கச்சி வீட்டில் சில நாள் நின்றுவிட்டு அப்போதுதான் சுருவிலுக்குத் திரும்பியிருந்த அன்னபூரணம், கைப்பையைக் கதிரையில் வைத்தபடி கேட்டாள்.

"உமக்காக ஆர் வாடினது? ஓஸ்லோக்காரன் வரேல்லை," என்றார் அவள் கணவர் கைலாசபதி, கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கைலாசபதி ஒரு காலத்தில் தீவுப்பகுதியின் கரம் போர்ட் சம்பியன். அவரோடு விளையாடியவர்கள் எல்லாரும் கனடா, லண்டன் என்று போய்விட்டார்கள். வேலையிலிருந்து இளைப்பாறிய பிறகு தனியே காய் சுண்டி அலுத்துப்போனவருக்கு, பாரிசில் இருக்கும் அன்னபூரணத்தின் தம்பி பிரதாபன்தான் வழி காட்டினான். வீட்டுக் கணினியிலேயே கரம் விளையாட்டை நடத்தலாம். எந்த நாட்டிலிருந்தும் ஆள் வந்து சேரலாம். "போர்ட்டைத் திறந்து விடுங்கோ, காணும்" என்று வாட்சப்பில் எழுதியிருந்தான்.

கைலாசபதியும் பின்னேரமானால் போர்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். பழைய கூட்டாளிகளுக்கெல்லாம் செய்தி அனுப்பினார். ஒருவரும் வரவில்லை. மனம் விட்டுப்போயிருந்த நேரத்தில் 'ஓஸ்லோ' என்ற பெயரோடு ஒருவன் வந்தான். வந்த அன்றே சிவப்புக் காயை விழுத்தி அவரைத் தோற்கடித்தான். அதற்குப் பிறகு மனிதருக்குப் பின்னேரம் எப்போது வரும் என்றுதான் நினைப்பு.

"இத்தனை நாளாய் ஒரு சிலமனும் இல்லை," என்றார்.

"நெடுகத் தோத்துக் குடுத்தால் ஆர் வருவினம்? அவனுக்கும் அலுத்திருக்கும்."

"உமக்கென்ன தெரியும்? கரத்துக்கு விரல் வேணும். பொம்பிளையளுக்கு அது வராது."

"ஓம், ஓம். எங்களுக்குத் தேங்காய் துருவத்தானே விரல்."

"பகிடி விடாதையும். இனியும் அவன் வராட்டி எல்லாத்தையும் மூடிப்போட்டுச் சும்மா இருக்கிறதுதான். எனக்கு வேறை ஆர் இருக்கினம்?"

அன்னபூரணம் சிரிப்பை நிறுத்தினாள். "வருவான். இருங்கோ, தேத்தண்ணி போடுறன்," என்று குசினிக்குள் போனாள்.

கைலாசபதிக்குப் பொறுக்கவில்லை. பிரதாபனுக்கு வீடியோ அழைப்பு எடுத்து, போனைத் திரைக்கு நேரே பிடித்தார். "ஏதும் பழுதோ எண்டு ஒருக்காப் பார் தம்பி."

பிரதாபன் அதைக் காட்டு, இதைக் காட்டு என்று எல்லாவற்றையும் பார்த்தான். "அத்தான், நீங்கள் எந்தப் போர்ட்டைத் திறந்தனீங்கள்?"

"இந்தா, கரம் போர்ட்டைத்தான். பின்னேரம் முழுக்கத் திறந்துதானே கிடக்கு."

பிரதாபனுக்குச் சிரிப்பை அடக்க ஏலவில்லை. "நான் சொன்னது ரவுட்டரிலை இருக்கிற போர்ட். குறிகட்டுவான் துறைமாதிரி அது ஒரு துறை. அது பூட்டிக் கிடந்தால் வெளியாலை இருந்து ஒரு வள்ளமும் உள்ளை வராது."

"அப்ப ஓஸ்லோக்காரன் எப்பிடி வந்தவன்?"

"ஓஸ்லோவிலை இருந்து வந்திருக்க ஏலாது அத்தான். உங்கடை வீட்டு வைஃபையிலை இருக்கிற ஆள்தான் வந்திருக்கும்."

அந்த நேரம் பார்த்துத் திரையில் 'ஓஸ்லோ' வந்து நின்றது. கைலாசபதி குசினிப் பக்கம் மெல்ல எட்டிப் பார்த்தார். அடுப்பு இன்னும் மூட்டியபாடில்லை; அன்னபூரணத்தின் விரல் போனில் சுண்டிக்கொண்டிருந்தது.

"இப்ப துறையைத் திறந்து விடட்டே? எல்லாரும் வரலாம்," என்றான் பிரதாபன்.

"வேண்டாம், பூட்டியே கிடக்கட்டும்," என்றார் கைலாசபதி, குரலைத் தாழ்த்தி. "முதல்லை உன்ரை அக்காவை ஒருக்காலெண்டாலும் வெண்டுபோட்டுச் சொல்லுறன்."