ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்து வைத்த முதல் அடி

குழந்தையின் முதல் அடியைப் பெற்றவர்கள்தான் பார்க்க வேண்டும் என்பது அந்தப் பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தின் விதி. வேலைக்குப் போகிறவர்களுக்கு அதுவாவது மிஞ்சட்டும் என்ற பெரிய மனசு. அதற்காகக் குழலியின் கணுக்கால்களில் மெல்லிய பட்டை மாட்டியிருந்தார்கள். அவள் எழுந்து காலைத் தூக்கினால் பட்டை அதிரும். முழங்கால் துவண்டு உட்கார்ந்துவிடுவாள். "சமத்து" என்று ஆயாக்கள் கை தட்டுவார்கள். அம்மாவும் அப்பாவும் சேர்ந்து விரல் வைத்தால்தான் பட்டை கழலும்.

அம்மா தேன்மொழிக்குப் பகல் ஷிப்ட், அப்பா புகழேந்திக்கு இரவு ஷிப்ட். ஒன்றாக இருக்கும் ஞாயிற்றுக்கிழமையில் இருவரும் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினார்கள். "அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று சொல்லிச் சொல்லியே மழைக்காலம் போய் வெயில் வந்துவிட்டது.

இந்த ஞாயிறு தேன்மொழி அவனை உலுக்கி எழுப்பினாள். "எந்திரிங்க. இன்னிக்காச்சும் கழட்டிடுவோம். எனக்கு மனசு கேக்கல."

பட்டைகள் கழன்றன. புகழேந்தி கண்ணைக் கசக்கிக்கொண்டு படமெடுக்கப் போனைப் பிடித்தான். குழலி நாற்காலியைப் பிடித்து எழுந்தாள்.

"வாடி தங்கம், அம்மாட்ட வா."

குழலி ஒரு காலைத் தூக்கி, அப்படியே காத்திருந்தாள். அதிர்வு வரவில்லை. சற்று நேரம் பார்த்துவிட்டுத் தானாகவே முழங்காலை மடக்கி உட்கார்ந்தாள்.

"பட்டை சரியா கழண்டுச்சா?" என்றான் புகழேந்தி.

"கழண்டுருச்சு" என்றாள் தேன்மொழி, கையிலிருந்த பட்டைகளைப் பார்த்தபடி.

குழலி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். யாரும் கை தட்டவில்லை. அவளே தட்டிக்கொண்டாள்.