கீழத்தெருவுக்கு மட்டும் விளக்கு இல்லை

எம்.எல்.ஏ. நீலமேகத்தைச் சுற்றிப் பெண்கள் நின்றார்கள். அவர்களைச் சுற்றி ஆண்கள். ஜீப் மெயின் ரோட்டில் நின்றது. இந்தச் சந்தில் அது நுழையாது.

மாலை போடத்தான் கூடியிருக்கிறார்கள் என்று முதலில் நினைத்தார். யார் கையிலும் மாலை இல்லை.

கம்பத்தின் உச்சியில் லைன்மேன் இருந்தான். இன்னும் ஓர் இணைப்புக் கொடுத்தால் போதும், கீழத்தெருவுக்குக் கரன்ட் வந்துவிடும். பெண்கள் அவனுடைய ஏணியைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டார்கள். பாவம், அவனும் மாட்டிக்கொண்டான்.

நீலமேகத்துக்கு எரிச்சலாக வந்தது. இந்த விளக்குக்காக அவர் பட்ட பாடு அவருக்குத்தானே தெரியும்!

மூன்று தேர்தல், மூன்றிலும் வெற்றி. முதல் தடவை எல்லாத் தெருவுக்கும் கரன்ட் என்று சொல்லி ஜெயித்தார். சொன்னபடி மேலத்தெருவுக்குக் கொடுத்தார். அடுத்த தேர்தலில் மேலத்தெரு அவரைக் கைவிட்டது. வடக்குத்தெருவுக்குக் கொடுத்தார், அதுவும் கைவிட்டது. போன முறை முப்பத்தெட்டு ஓட்டில் அவரைக் கரையேற்றியது, இருட்டில் கிடந்த கீழத்தெருதான்.

அன்றோடு புத்தி வந்தது. கீழத்தெருவில் கம்பம் நட்டார், கம்பி இழுக்கவில்லை.

அப்படியே காலத்தை ஓட்டியிருப்பார். வாய் சும்மா இருந்தால்தானே. சட்டசபையில் மின்சார விவாதம் வந்தபோது, காவிரிப் படுகையில் எரிவாயு கிடைத்தால் அதில் எடுக்கும் கரன்ட் முதலில் எங்கள் காரைக்கால் குடிசைகளுக்குத்தான் என்று முழங்கினார். எதிர்க்கட்சிக்காரர் எழுந்து, உங்கள் கீழத்தெருவில் இப்போது என்ன எரிகிறது என்று கேட்டார். சபை சிரித்தது. மறுநாள் பத்திரிகையும் சிரித்தது.

கொடுத்தால் பதவி போகும். கொடுக்காவிட்டால் மானம் போகும். பதவி போனால் போகட்டும் என்று, வாழ்க்கையில் முதல் தடவையாக முடிவெடுத்து வந்திருந்தார்.

காசியம்மா முன்னே வந்தாள். மூன்று தேர்தலிலும் இந்தத் தெருவின் ஓட்டைச் சிந்தாமல் சிதறாமல் சேர்த்துக் கொடுத்தவள். போன மழைக்காலத்தில் புருஷனைப் பறிகொடுத்தவள்.

“மேலத்தெருவுக்கு லைட்டு போட்டீங்க. அப்பறம் அந்தப் பக்கம் எட்டிப் பாத்தீங்களாய்யா? எங்களுக்குப் போடாததாலதான் வந்துகிட்டே இருக்கீங்க. தண்ணிக் கொழா வந்துச்சு. எம் மவளுக்கு பால்வாடியில ஆயா வேல வந்துச்சு. அது பர்மனென்ட் ஆவட்டும். அப்பறம் லைட்டப் பத்திப் பேசுவம்.”

இருட்டில் கஷ்டப்படுகிறீர்களே என்று அவர் ஆரம்பித்தார். காசியம்மா முடிக்க விடவில்லை.

“இத்தன நாளு ஏன் போடலன்னு எங்களுக்குத் தெரியாதாய்யா?”

யாரும் சிரிக்கவில்லை. யார் முகத்திலும் கோபமும் இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். ஓடிவிடலாம் போலிருந்தது. வழிதான் இல்லை.

இணைப்புக் கொடுக்காமலே லைன்மேனை இறங்கிவிடச் சொன்னார். ஏணி உடனே திரும்பி வந்தது. கூட்டமும் மரியாதையாக விலகி வழிவிட்டது.

பேச்சில் பொழுது இறங்கியிருந்தது. காசியம்மா அரிக்கேன் விளக்கை ஏற்றிக்கொண்டு, அவரை ஜீப் வரை கொண்டுவிட முன்னால் நடந்தாள்.

பாதி வழியில் நின்றாள். விளக்கைத் தரையோடு தாழ்த்திப் பிடித்தாள்.

“பாத்துக் கால வைங்க. அவரு பாம்ப மிதிச்சது இங்கதாங்க.”